ரிவர்ஸ் அக்காவும் மஞ்சள் விளக்கும்

ரிவர்ஸ் அக்கா வீடு எது என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். அந்தப் பேர் முதலில் கேலியாகத்தான் வந்தது. முப்பத்தொரு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸுக்குப் போனவள், பின்னால் எடுக்கும் சோதனையில் இரண்டு முறை தோற்றாள். இரண்டு முறையும் அதே சிவப்புக் கம்பைத்தான் இடித்துச் சாய்த்தாள். "அந்தக் கம்பு உங்களுக்கு என்னம்மா பாவம் பண்ணுச்சு?" என்று அதிகாரி கேட்க, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர் எதிர் வீட்டுக்காரர். சாயங்காலத்துக்குள் விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

அழுதுகொண்டு மூலையில் உட்காருகிற ஆளா அவள்? வீட்டுக்காரரின் வெல்டிங் ஷெட் வாசலில் இரண்டு பிளாஸ்டிக் வாளிகளை வைத்தாள். நாற்பது நாள், காலையிலும் மாலையிலும், அந்த இரண்டு வாளிகளுக்கு நடுவே வண்டியைப் பின்னால் எடுத்தாள். ஒவ்வொரு நாளும் வாளிகளை ஒரு விரல் அளவு நெருக்கி வைத்தாள். மூன்றாவது சோதனையில் வண்டி கோட்டுக்குள் போய் நின்ற விதத்தைப் பார்க்க அதிகாரி கீழே இறங்கி வந்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது அதைச் சொல்கிறவர்கள் கேலி செய்து சொல்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு இருபத்தொரு வருடம். கடைசிப் பதினான்கு வருடமாக ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆறு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், ஏற்றிக்கொண்டு வருகிறாள். மற்ற பிள்ளைகள் வேனில் போவார்கள். இந்த ஆறு பேரும் கூட்டம், சத்தம், நெரிசல் தாங்காத பிள்ளைகள். ஒருத்தி ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் ஏறவே மாட்டாள். இன்னொரு பிள்ளைக்கு வழி நெடுகக் கையில் கலர் களிமண் இருந்தாக வேண்டும். இத்தனை வருடத்தில் ஒருநாள் தாமதம் உண்டா, ஒரு கீறல் உண்டா? கேட்டுப் பாருங்கள், பள்ளிக்கூடத்து வாசல் காவலாளியே சண்டைக்கு வருவார்.

வண்டிக்குப் பதினெட்டு வயது. வெளிறிய நீல நிறம். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துப் பெட்டியில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். வண்டி என்ன செய்தது, என்ன சத்தம் போட்டது, எப்போது எங்கே நின்றது, எல்லாம் அதில் எழுதுவாள். "காலையில் லேசாக இருமியது. மதியம் சரியாகிவிட்டது" என்றெல்லாம் இருக்கும். அவள் வீட்டுக்காரர், அதாவது வெல்டர், அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்: "எனக்கு ரெண்டு நாள் ஜுரம் வந்துச்சே, அதை எங்கயாவது எழுதினியா?"

"உங்களுக்குத்தான் வாய் இருக்குல்ல, நீங்களே பத்து பேர்கிட்ட சொல்லிட்டீங்களே. அது பாவம், சொல்லத் தெரியாது," என்றாள் அவள்.

அந்த வண்டிக்குத்தான் இந்த வருடம் சோதனை வந்தது.

டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு. ஏபிஎஸ் விளக்கு. அவசரத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் இறுகி வண்டி வழுக்கிக்கொண்டு போகாமல் காக்கிற ஏற்பாடு அது. விளக்கு எரிந்தால் அந்தக் காவல் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சாதாரண பிரேக் பிடிக்கும், ஆனால் மழையில் எவனாவது குறுக்கே வந்தால் கடவுள்தான் துணை. பள்ளிக்கூடம் இந்த வருடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: திங்கட்கிழமை காலை வாகனச் சோதனை நிலையத்துக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும், அதன் பிறகு மஞ்சள் விளக்கு எரிகிற வண்டியில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது. சான்றிதழ் இல்லை என்றால் ஆறு பேரும் செவ்வாய்க்கிழமையிலிருந்து பெரிய வேனில்தான். ஜன்னலோரம் கேட்கிறவளை அங்கே யார் கண்டுகொள்வார்கள்?

மெக்கானிக் தம்பி நல்ல பையன்தான். குறை சொல்ல மாட்டேன். மூன்று முறை பார்த்தார். முதல் முறை, கையில் வைத்திருக்கும் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, "இடது முன் சக்கரம் அக்கா" என்றார். சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து அவளுக்கும் காட்டினார்.

"இதோ பாருங்க, விரல் தண்டி சாமான். இதுதான் வீல் சென்சார். நுனியில காந்தம் இருக்கு. அதுக்கு எதிர்ல பல்லு வச்ச வளையம் ஒண்ணு சக்கரத்தோட சேர்ந்து சுத்தும். பல்லு எத்தனை கடந்து போகுதுன்னு பார்த்து, சக்கரம் என்ன வேகத்துல சுத்துதுன்னு, ஏபிஎஸ்ஸை நடத்தற கம்ப்யூட்டர் பெட்டிக்கு இது சொல்லும். நாலு சக்கரத்துக்கும் ஒண்ணொண்ணு."

காற்றுக் குழாயை வைத்து ஓர் ஊது ஊதினார். விளக்கு போய்விட்டது. இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தது, இந்த முறை வலது முன். அங்கேயும் ஊதினார், போய்விட்டது. மூன்றாவது முறை மறுபடி இடது. ஊதினார், ஊதினார், கை ஓய்ந்ததுதான் மிச்சம். விளக்கு அசையவில்லை.

"சென்சார் கெட்டா ஒரே பக்கம்தான் கெடும் அக்கா. இது ஒரு தடவை இடதுங்குது, ஒரு தடவை வலதுங்குது. பெட்டிக்கே மூளை குழம்பிப்போச்சு. இந்த வண்டிக்குப் புதுப் பெட்டி போடறதுக்கு, வண்டியையே பழைய இரும்புக்குப் போட்டுடலாம்," என்றார். அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "வேணும்னா பல்பைக் கழட்டி விட்டுடறேன். சோதனைல யாரும் கவனிக்க மாட்டாங்க," என்றார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் பாவம்.

"ஏன் தம்பி, உன் பிள்ளைக்கு ஜுரம்னா தெர்மாமீட்டரை உடைச்சுப் போட்டுட்டு ஜுரம் போயிடுச்சுன்னு சொல்லுவியா? ஆறு பிள்ளைங்கடா! பேச வந்துட்டான்!" என்று ஆரம்பித்தவள் பத்து நிமிடம் நிறுத்தவில்லை. பக்கத்து டயர் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று கேட்டார்.

சனிக்கிழமை காலை. மெக்கானிக் தம்பி வெளியூர் போய்விட்டார், கடை இரண்டு நாள் மூடல். அக்கா ஷெட்டுக்குள் நிற்கிற வண்டியில் ஏறி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, நோட்டை விரித்தாள். வண்டி எப்போதும் அந்த ஷெட்டில்தான் தூங்கும். ஒரு பக்கம் வண்டி, மறுபக்கம் வெல்டரின் பட்டறை: கேட்டுகள், ஜன்னல் கம்பிகள், மாடிப்படிக் கைப்பிடிகள். அன்றும் அவர் ஒரு பெரிய கேட்டின் மூலைகளைக் கிரைண்டிங் மெஷினில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். தீப்பொறி பறந்தது. அவர் பின்னாலிருந்து பெரிய ஃபேன் ஒன்று இரைந்துகொண்டிருந்தது.

அவள் பக்கம் பக்கமாகப் பின்னோக்கிப் படித்தாள். "விளக்கு வந்தது. இடது முன். ஊதினார். போகவில்லை." பள்ளி நடக்கிற மாதம். அதற்கு முன்னால், "வலது முன். ஊதினார். போனது." பெரிய லீவு. அதற்கும் முன்னால், "இடது முன்." மறுபடி பள்ளி நடக்கிற மாதம்.

பள்ளி நாளில் இடது. லீவு நாளில் வலது.

அக்கா நோட்டை மடியில் வைத்துவிட்டாள். பெட்டிக்கு மூளை குழம்பிவிட்டது என்றால் அது ஏன் பள்ளிக்கூடத்துக் காலண்டரைப் பார்த்துக் குழம்ப வேண்டும்?

பள்ளி நாளில் அவள் வண்டியை ரிவர்ஸில்தான் ஷெட்டுக்குள் விடுவாள், காலையில் ஏறியதும் ஒரே ஓட்டமாகக் கிளம்பலாம் என்று. லீவு விட்டால் அவசரம் கிடையாது. ஷெட்டின் கடைசியில் இருக்கிற ஜன்னல் வெளிச்சத்தில் எஞ்சினைத் திறந்து வைத்துத் துடைப்பாள், எண்ணெய் பார்ப்பாள். அதனால் மூக்கை முன்னால் விட்டு நிறுத்துவாள். ரிவர்ஸில் நின்றால் பட்டறைப் பக்கம் இருப்பது வண்டியின் இடது பக்கம். மூக்கை விட்டு நிறுத்தினால் வலது பக்கம்.

மெல்லத் தலையைத் திருப்பி இடது ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மெஷினில் கிளம்பிய தூள், ஜன்னல் வெளிச்சத்தில் மினுக்கிக்கொண்டு, ஃபேன் காற்றோடு நேரே வண்டியைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. டாஷ்போர்டில் போன் ஒட்டி வைக்கிற காந்த வட்டம் ஒன்று உண்டு. அதைச் சுற்றிக் கறுப்பாகப் பொடி மயிர் முளைத்த மாதிரி இருந்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை அழுக்கு என்று துடைத்து எறிவாள். இப்போது விரலால் தொட்டுப் பார்த்தாள். அழுக்கு இல்லை. இரும்பு.

"அடப்பாவமே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சென்சாரின் நுனியிலும் காந்தம்தானே!

நோட்டில் இன்னும் ஐந்து வாரம் பின்னால் போனாள். அங்கே இருந்தது, அவள் கையெழுத்திலேயே: "இன்று பின் சீட்டை மடக்கிப் பெரிய ஃபேன் ஏற்றி வந்தேன். சீட்டில் கீறல் இல்லை."

அந்த ஃபேனை வாங்கி வந்தது அவள்தான். வெல்டர் அப்போது விடாமல் இருமினார். தூள் முகத்துக்கு வராமல் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று அவளே கடை கடையாக ஏறி இறங்கி, இருக்கிறதிலேயே பெரியதாகப் பார்த்து எடுத்து, அவர் முதுகுக்குப் பின்னால் அவளே நிறுத்தினாள். இருமல் நின்றது. ஐந்து வாரத்தில் விளக்கு எரிந்தது. நடுவில் ஒரு முடிச்சு இருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்? சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்கே தெரியவில்லை.

மெக்கானிக் தம்பிக்குப் போன் போட்டாள். விஷயத்தை முழுக்கச் சொன்னாள்.

"இருக்கலாம் அக்கா," என்றார் அவர். "ஆனா பார்த்து. பதினெட்டு வருஷத் துரு. சென்சார் உடம்பு பிளாஸ்டிக். நெம்புனா ஒடஞ்சிரும். ஒடஞ்சா இந்த வண்டிக்குப் பார்ட் வர மூணு வாரம் ஆகும். நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க."

"நீ எப்ப வர்ற?"

"திங்கட்கிழமை சாயங்காலம்."

"திங்கட்கிழமை காலைல சோதனைடா தம்பி," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வண்டியை வாசலுக்கு ஓட்டி, சமதரையில் நிறுத்தினாள். பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தாள். ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு வைத்தாள். ஸ்டாண்டு வெல்டர் செய்து கொடுத்தது, யானையே ஏறி நின்றாலும் அசையாது. சத்தம் கேட்டு அவர் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார்.

"என்ன பண்ற?"

"சென்சாரைக் கழட்டப் போறேன்."

"மெக்கானிக் தொடாதேன்னானே?"

"அவன் சொன்னான். நான் கேக்கலை."

வெல்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். இரும்பு என்றால் அந்தச் சுற்று வட்டாரத்தில் அவரை விட்டால் ஆள் இல்லை என்று அவருக்கே ஒரு நினைப்பு உண்டு. நினைப்பு பொய்யும் இல்லை. ஆனால் அவர் கைக்குத் தெரிந்ததெல்லாம் அடிக்கிறது, வளைக்கிறது, அறுக்கிறது. அவள் காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த நிமிடமே போய் ஃபேனை நிறுத்துவார் என்று அவளுக்குத் தெரியும்.

முதலில் சுலபமானவை. வலது முன், வலது பின், இடது பின். சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் தட்டுக்குப் பின்னால் டார்ச் அடித்துத் தேடினாள். கறுப்பு வயர் ஒன்று மேலிருந்து இறங்கி வரும், அதன் கூடவே கண்ணை ஓட்டினால் அது போய் முடிகிற இடத்தில் சென்சார் உட்கார்ந்திருக்கும். பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு சின்ன போல்ட். வயரை மாட்டியிருக்கும் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்தாள். போல்ட்டைக் கழற்றி, சென்சாரைப் பிடித்து இப்படியும் அப்படியும் கொஞ்சம் திருகி இழுத்தாள். வந்தது. நுனியைப் பார்த்தாள். ஒரு வாரம் சவரம் பண்ணாத தாடி! இரும்புத் தூள் குத்திட்டு நின்றது.

துணியால் துடைத்தாள். தூள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்ந்ததே தவிர போகவில்லை. காந்தம் விடுமா? பிரஷ் போட்டுத் தேய்த்தாள், பாதி போய் பாதி திரும்ப ஒட்டியது. காற்று ஊதி ஊதித் தம்பி ஏன் தோற்றுப்போனார் என்று இப்போது புரிந்தது. மேலே இருக்கிறது பறந்துவிடும், அடியில் இருக்கிறது ஈரத்தில் துருப்பிடித்து அடையாகக் கட்டிவிடும்.

என்ன செய்யலாம் என்று காருக்குள் எட்டிப் பார்த்தவள் கண்ணில் பின் சீட்டுப் பள்ளத்தில் கிடந்த பச்சைக் களிமண் உருண்டை பட்டது. வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை விட்டுவிட்டுப் போனது. எடுத்துச் சென்சார் நுனியில் அழுத்தினாள், இழுத்தாள். தூள் களிமண்ணோடு வந்துவிட்டது! மறுபடி அழுத்தினாள். கறுப்பெல்லாம் களிமண்ணுக்குப் போய், நுனி வழவழவென்று பளிச்சிட்டது. "என் கண்ணே, உன் புண்ணியம்," என்று அங்கே இல்லாத பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டாள். பழைய பல் தேய்க்கிற பிரஷால் பல்வளையத்தின் இடுக்குகளையும், சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிவிட்டு, ஒன்று விடாமல் சுத்தம் செய்தாள். துளையையும் துடைத்தாள். மாட்டினாள். வயர் டயரில் உரசாமல் கிளிப்புகளைப் பழையபடி போட்டாள். மதியத்துக்குள் மூன்று முடிந்தது.

நாலாவதுதான் இடது முன். மூன்று முறையில் இரண்டு முறை குற்றவாளிக் கூண்டில் நின்றது இந்தப் பக்கம்தான். போல்ட் வந்துவிட்டது. சென்சார் வரவில்லை. திருகினாள், அசையவே இல்லை. துருவோடு துருவாகச் சேர்ந்து போயிருந்தது.

வெல்டர் அதுவரை பொறுத்ததே பெரிய விஷயம். உள்ளே போய்ச் சுத்தியலும் ஒரு மெல்லிய உளியும் எடுத்து வந்தார்.

"நகரு. ஒரே தட்டு. வெளிய குதிச்சிடும்."

"என்னங்க, வேணாம்."

"அட, இரும்பைப் பத்தி எனக்கு நீ சொல்றியா?"

"இரும்பைப் பத்தி சொல்லலை. இது இரும்பு இல்லை. ஒடஞ்சா மூணு வாரம். மூணு வாரத்துல என் பிள்ளைங்க வேற வண்டிக்குப் போயிடும், அப்புறம் திரும்பி வராது. தொட்டீங்கன்னா பாருங்க!"

அவர் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை, ஆனால் ஓங்கவும் இல்லை. அவள் துருவை இளக்குகிற எண்ணெயைச் சென்சாரைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கால் மணி நேரம் கழித்து இன்னும் நாலு சொட்டு. சென்சாரின் தலையை இரண்டு விரலால் பிடித்து, இடது பக்கம் ஒரு நூல், வலது பக்கம் ஒரு நூல் என்று அழுத்தம் மட்டும் கொடுத்தாள். ஒன்றும் இல்லை. மறுபடி எண்ணெய். வெல்டர் போனார், டீ குடித்தார், வந்தார், நின்றார், பெருமூச்சு விட்டார். எதிர் வீட்டுக்காரர் வேறு வாசலுக்கு வந்து, "என்ன, இன்னுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நாற்பது நாள் வாளிகளை ஒரு விரல் ஒரு விரலாக நகர்த்தியவளுக்கு ஒரு மத்தியானம் என்ன பெரிசு?

மூன்று மணி இருக்கும். விரலுக்குள் ஏதோ விட்டுக்கொடுத்தது. மயிரிழை அளவு. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இடது, வலது. இடது, வலது. இப்போது நிஜமாகவே திரும்பியது. எண்ணெய் விட்டு, திருகி, இழுத்து, மறுபடி உள்ளே தள்ளி, மறுபடி இழுத்து, முழுசாக, ஒரு கீறல் இல்லாமல், வெளியே எடுத்துவிட்டாள். நுனியில் இருந்தது தாடி இல்லை, கறுப்புத் தொப்பி. உள்ளே காந்தம் இருப்பதே தெரியவில்லை.

வெல்டர் குனிந்து பார்த்தார். தூளைக் கட்டைவிரலால் தேய்த்தார். முகர்ந்தார். அவருக்குத் தெரியாதா அவர் பட்டறைத் தூள்? மெல்ல நிமிர்ந்து பட்டறையைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார், ஷெட்டில் வண்டி நிற்கிற இடத்தைப் பார்த்தார்.

"இது என்னுதா?" என்று கேட்டார். குரல் இறங்கிப் போயிருந்தது.

அவள் களிமண்ணை அழுத்திக்கொண்டே தலையாட்டினாள்.

"காலைலயே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"சொல்லியிருந்தா ஃபேனை நிறுத்தியிருப்பேனே!"

"அதான் சொல்லலை," என்றாள் அவள். "ஃபேனை நிறுத்தினா அது எங்க போகும்? உங்க நெஞ்சுக்குள்ள போகும். சக்கரத்தைக் கழட்டிக் கழுவலாம். நெஞ்சைக் கழட்ட முடியுமா? நான் வண்டியைத் தெருவுல நிறுத்திக்கறேன். நீங்க ஃபேன்ல கை வச்சீங்க, அவ்வளவுதான், சொல்லிட்டேன்."

வெல்டர் சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எல்லாவற்றையும் மாட்டிச் சக்கரத்தை இறுக்கிவிட்டு, அவள் வண்டியைக் கிளப்பினாள். மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அணைந்தது. அது எப்போதும் அப்படித்தான், கிளம்பும்போது அணையும், மருந்துக்கடைத் திருப்பம் வந்ததும் மறுபடி எரிந்து கழுத்தறுக்கும். தெருவைத் தாண்டினாள். மருந்துக்கடை வந்தது. திருப்பினாள். கண்ணைச் சாலையில் வைப்பாளா, டாஷ்போர்டில் வைப்பாளா? வராது, வராது என்று சொல்லிக்கொண்டே போனாள். வரவில்லை. பள்ளிக்கூடம் வரைக்கும் போய், பூட்டிய கேட்டின் முன் ஆள் இல்லாத சாலையில் பிரேக்கை ஓங்கி மிதித்துப் பார்த்தாள். காலடியில் பெடல் டகடகவென்று உதைத்தது, வண்டி நேர்கோட்டில் நின்றது. அந்த ஏபிஎஸ் காவல்காரன் திரும்ப வந்துவிட்டான்! ஸ்டியரிங்கில் இரண்டு கையாலும் தட்டி, "என் ராஜாத்தி!" என்று கத்தினாள். வண்டியைச் சொன்னாளா, தன்னையே சொல்லிக்கொண்டாளா? இரண்டும்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். வண்டி தெருவில்தான் நின்றது. திரும்பி வந்தபோது ஷெட்டின் உள்ளே வேறு மாதிரி இருந்தது. பட்டறை இடம் மாறியிருந்தது. பத்தொன்பது வருடமாகத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கி வைத்திருந்த மெஷின், மேசை, கம்பி அடுக்கு எல்லாம் பின்புறத் தாழ்வாரத்துக்குப் போயிருந்தன. ஃபேன் அவர் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது, காற்று காலி மனையைப் பார்த்துப் போனது. வண்டி நிற்கிற தரையைக் கழுவி, ஒரு பெரிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி மூலை மூலையாக இழுத்துத் தூளைக்கூட அள்ளியிருந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"தனியாவா நகர்த்துனீங்க? உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்றாள்.

"எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். 'ரிவர்ஸ் அக்காவுக்குன்னா வர்றேன்'னார்."

திங்கட்கிழமை காலை, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, சோதனை நிலையத்தில் பதினொரு வண்டிகளுக்குப் பின்னால் நின்றார்கள். வெல்டர் கூட வருவேன் என்று ஒரே பிடியாக வந்திருந்தார். உருளைகள் மேல் சக்கரத்தை ஏற்றி பிரேக் பார்த்தார்கள். கருவியைச் செருகிப் பார்த்தார்கள். கண்ணாடி போட்ட சோதனை அதிகாரி, டாஷ்போர்டை இரண்டு முறை குனிந்து பார்த்தார். பிறகு அடியில் டார்ச் அடித்து நான்கு சென்சார்களையும் தேடிப் பார்த்தார்.

"பதினெட்டு வருஷ வண்டில இவ்வளவு சுத்தமா சென்சார் நான் பார்த்ததில்லை," என்று படிவத்தைத் திருப்பினார். "பழுது பார்த்தவர்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல கையெழுத்து வேணும்." பேனாவை நீட்டினார், வெல்டரைப் பார்த்து. கறுத்துக் காய்த்த கையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

வெல்டர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் இல்லைங்க சார். நான் தூசி போட்டவன். பழுது பார்த்தவங்க அதோ நிக்கிறாங்க."

அதிகாரி அவளைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். பேனா அவள் பக்கம் திரும்பியது.

அவள் வாங்கினாள். இத்தனை வருடத்துப் படிவங்களில் அந்தக் கட்டத்தில் எத்தனையோ மெக்கானிக்குகள் கிறுக்கலாக ஒரு கோடு இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் கிறுக்கவில்லை. படிவத்தைப் பானெட்டின் மேல் வைத்து, முழுப் பேரையும், ஒவ்வொரு எழுத்தாக, கட்டம் நிறைய எழுதினாள். எழுதி முடிக்கிற வரை பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வெளியே போகிற வழியில் ஒரு லாரி குறுக்கே நின்றது. சுற்றிக்கொண்டு போக இடமில்லை. இரண்டு பக்கமும் வண்டிகள், நடுவே ஒரு சந்து. "பின்னால எடுக்கணும், முடியுமாம்மா? யாரையாவது கூப்பிடட்டுமா?" என்று வாசலில் இருந்தவர் கேட்டார்.

வெல்டர் ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"அவங்க பேரே ரிவர்ஸ் அக்காதாங்க," என்றார். "நீங்க கொஞ்சம் தள்ளி நின்னு வேடிக்கை மட்டும் பாருங்க."